சேர் பொன். இராமநாதன் விரித்த வேதாகமம்

சென்ற இதழில் ஆறுமுக நாவலரோடு நிறுத்தினோம். பீற்றர் பேர்சிவல் பாதிரியார் வேதாகமத்தைத் தமிழாக்கியபோது பக்கத்தில் இருந்து உதவியவர் நாவலர். அவரே 1854இல் ‘சைவதூஷண பரிகாரம்’ எழுதினார். யூதரின் ஆலயத்தில் தூபமும் தீபமும் பலியும் நிவேதனமும் இருந்ததை வேதாகமத்திலிருந்தே எடுத்துக் காட்டி, சைவக் கிரியைகளைப் பழித்த மிஷனரிமாருக்கு மறுமொழி சொன்ன நூல் அது. அந்தக் கதைக்கு ஒரு பின்கதை உண்டு. நாவலர் மறைந்த 1879ஆம் ஆண்டில், சட்டநிரூபண சபையின் தமிழர் ஆசனத்துக்கு 28 வயது இளைஞர் ஒருவரை அவர் முன்னின்று ஆதரித்தார். பத்தொன்பது ஆண்டு கழித்து அந்த இளைஞர் அதே வேதாகமத்தைத் தம் கையில் எடுத்தார். 1898இல் லண்டனின் கீகன் போல் பதிப்பகம் மத்தேயு சுவிசேஷத்துக்கு ஓர் உரையை வெளியிட்டது. உரைகாரரின் பெயர் ஸ்ரீ பரானந்தா என்று அட்டையில் இருந்தது. அப்பெயருக்குப் பின்னால் இருந்தவர் இலங்கையின் சொலிசிற்றர் ஜெனரல் பொன்னம்பலம் இராமநாதன். 1902இல் யோவான் சுவிசேஷத்துக்கும் உரை வந்தது. நாவலர் பழைய ஏற்பாட்டில் சரியையையும் கிரியையையும் தேடிக் கண்டார். இராமநாதன் புதிய ஏற்பாட்டில் ஞானபாதத்தைத் தேடினார். சரியை, கிரியை, யோகம், ஞானம் என்று சைவர் வகுத்த நாற்பாதப் படிக்கட்டில் ஒரே புத்தகத்தோடு இருவரும் வெவ்வேறு படிகளில் நின்றார்கள் என்பதே இந்த அத்தியாயத்துக்கான திறவுகோல்.

இந்தப் பழைய விவகாரம் கனடாவில் ஸ்காபரோவின் அஜின்கோர்ட்டில் குடியிருப்பவருக்கு எதற்கு என்று கேட்கலாம். 1415இல் பிரான்சு மண்ணில் நடந்த ஒரு போரின் பெயரை 1858இல் ஒரு தபால் நிலையத்துக்குச் சூட்டியதால் பெயர் பெற்ற ஊர் இது. ஸ்கொட்லாந்துக் கமக்காரர் தங்கள் பிரெஸ்பிற்றேரியன் வேதாகமத்தோடு வந்து குடியேறிய இடம். 1983 இனக்கலவரத்துக்குப் பிறகு நம்மவர்கள் தேவாரத்தோடும் திருப்பாடல்களோடும் ஸ்காபரோவுக்கு வந்து சேர்ந்தார்கள். இன்று ஷெப்பர்ட் வீதியோரத்து அடுக்குமாடி ஒன்றில், ஒரு வீட்டுத் தொலைக்காட்சியில் ‘செழிப்பின் உபதேசம்’ ஓடுகிறது. கர்த்தர் வாக்குப்பண்ணிய ஆசீர்வாதம் வீடாகவும் வாகனமாகவும் வந்து சேரும் என்கிறார் போதகர். பக்கத்து வீட்டில் சைவக் குடும்பம். அங்கே யூரியூப்பில் ஒருவர் ‘ஈர்ப்பு விதி’ பேசுகிறார். மனத்தில் நிறைவை நினைத்தால் வங்கிக் கணக்கு நிறையும், உபநிடதம் சொன்னதும் அதுதான் என்கிறார். இரண்டு வீட்டாரும் தங்கள் மறைநூலைக் குறியீடாகத்தான் வாசிக்கிறார்கள், இரண்டு வாசிப்பும் போய் நிற்கும் இடம் ஒன்றுதான். இந்த வாசிப்பு முறைக்கு வரலாறு உண்டு. அந்த வரலாற்றின் ஒரு முக்கியமான திருப்பத்தில் ஒரு கொழும்புத் தமிழர் நின்றார், நின்று வேறு பக்கம் கை காட்டினார். குறியீட்டு வாசிப்பு என்பது மறைநூலைத் தன் ஆசைக்கு வளைக்கும் தந்திரம் என்று பலர் நினைக்கிறார்கள். ஒழுங்காகச் செய்தால் அது வாசிப்பவனின் ஆசையையே விசாரணைக்கு இழுக்கும் என்பது என் வாதம். இராமநாதனின் உரைகளை அதற்குச் சான்றாக வைக்கிறேன். அவருடைய வாழ்க்கை அந்தச் சான்றுக்கு எங்கே ஒத்துவரவில்லை என்பதையும் மறைக்கப்போவதில்லை.

இராமநாதன் 1851இல் கொழும்பில் பிறந்தார். கொழும்பு அக்கடமியிலும் பின்னர் சென்னைப் பிரசிடென்சிக் கல்லூரியிலும் படித்தார். சட்டத்தரணி, சட்ட அறிக்கைகளின் தொகுப்பாளர், 1892இலிருந்து சொலிசிற்றர் ஜெனரல் என்று படிப்படியாக ஏறினார். தந்தை பொன்னம்பல முதலியார் கொச்சிக்கடையில் எழுப்பிய சிவன் கோயிலைப் பிற்காலத்தில் கருங்கல்லால் மறுபடி கட்டியவரும் இவரே. பணத்துக்கும் பதவிக்கும் குறைவில்லாத வாழ்வு. அந்த வாழ்வின் நடுவே தஞ்சாவூரிலிருந்து வந்த ஒரு முதியவரின் காலடியில் அவர் போய் அமர்ந்தார். இலக்கணம் இராமசாமிப் பிள்ளை என்று புலமையால் பெயர் பெற்று, அருள்பரானந்த சுவாமிகள் என்று அடியாரால் அழைக்கப்பட்டவர் அந்தக் குரு. அவரைப் பற்றிய நல்ல சாட்சியம் ஓர் ஆங்கிலேயரிடமிருந்து கிடைக்கிறது. இராமநாதனின் தம்பி பொன்னம்பலம் அருணாசலம் கேம்பிரிட்ஜில் படித்தபோது நண்பரான எட்வர்ட் கார்ப்பென்டர், 1890ஐ ஒட்டி இலங்கை வந்து, குருநாகலில் அருணாசலத்தின் வழியாக இந்த ஞானியைச் சந்தித்தார். 1892இல் வெளியான பயண நூலில் சில அத்தியாயங்களை அந்தச் சந்திப்புக்கே ஒதுக்கினார். எண்ணங்களை அடக்கி, எண்ணம் ஓய்ந்த இடத்தில் மிஞ்சும் அறிவைக் காண்பது ஞானி சொன்ன சாதனை. தன்னையும் பிறரையும் வேறுபடுத்திப் பார்க்காதிருத்தல் அதன் பலன். பொதுவுடைமை நாட்டம் கொண்ட கார்ப்பென்டர், சாதி இறுகிய ஒரு நாட்டின் உள்மடிப்பில் சமத்துவத்தின் வித்து இப்படிப் பாதுகாக்கப்பட்டிருப்பதைக் கண்டு வியந்தார். இந்த வியப்பு பின்னால் நமக்குத் தேவைப்படும்.

இராமநாதனின் உரைநூலுக்கு வருவோம். மத்தேயு உரையின் நீண்ட தலைப்பே அதன் கொள்கையைச் சொல்லிவிடுகிறது. ஸ்ரீ பரானந்தரின் இறையனுபவத்தின் ஒளியில் ஆர். எல். ஹரிசனுக்கு விளக்கப்பட்ட சுவிசேஷம் என்பது அதன் பொருள். ஹரிசன் அவுஸ்திரேலியாவிலிருந்து வந்த மாணவி. பின்னாளில் லீலாவதி என்ற பெயரோடு இராமநாதனின் இரண்டாவது மனைவியானார். தலைப்பில் கவனிக்க வேண்டியது, உரைக்கு ஆதாரமாக மொழியறிவோ சபையின் பாரம்பரியமோ காட்டப்படவில்லை, அனுபவமே காட்டப்படுகிறது என்பது. மறைநூல் என்பது ஆன்மாவைக் கண்டவர் எழுதியது, ஆகவே கண்டவர்தான் அதன் பொருளைத் திறக்க முடியும், மேற்கில் அப்படிப்பட்ட ஆசிரியர் பரம்பரை அற்றுப்போனதால் சொற்கள் மட்டும் எஞ்சின என்பது இராமநாதனின் நிலைப்பாடு. கிறிஸ்து என்பது யேசு என்ற ஞானியில் விளங்கிய தூய நிலையின் பெயர், பக்குவப்பட்ட எந்த ஆன்மாவுக்கும் அது எட்டும் என்று அவர் கொண்டார். தேவனுடைய இராச்சியம் உலக வரைபடத்தில் இல்லாமல் உள்ளத்துக்குள் இருக்கிறது என்ற லூக்கா சுவிசேஷத்தின் கருத்து அவருக்கு மூலத் தூண். நம்பிக்கை என்பதையும் அவர் கோட்பாட்டுச் சம்மதமாகக் கொள்ளவில்லை. அது இறைவன் மேல் வளரும் அன்பு, அந்த அன்பு வளர வளரப் புலன்களின் பிடி தளரும் என்றார். 1906இல் நியூயோர்க்கில் வெளியான, மேற்குலகில் ஆன்மப் பண்பாடு பற்றிய நூலிலும் இந்த வேறுபாட்டுக்குத் தனி இடம் கொடுத்தார். 1908இல் ‘ஹிபர்ட் ஜேர்னல்’ என்ற ஆங்கிலச் சஞ்சிகையில், மேற்கில் வாழ்வு குறி தவறிப்போய்விட்டது என்று தலைப்பிலேயே சொல்லி ஒரு கட்டுரை எழுதினார். பிரித்தானியப் பேரரசின் உச்சகாலத்தில், அந்தப் பேரரசின் சம்பளம் வாங்கி ஓய்ந்த ஒருவர் இப்படி எழுதினார். 1816 முதல் அமெரிக்க மிஷன் யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடம் வைத்து, எங்கள் புத்தகத்துக்கு நாங்கள் பொருள் சொல்கிறோம், உங்களுடையதற்கும் நாங்களே சொல்கிறோம் என்றிருந்த நிலைமை இங்கே தலைகீழாகிறது. இராமநாதனின் பக்தியில் அரசியல் கலக்கவில்லை என்று சொல்பவர்கள் இந்தப் பக்கத்தைப் பார்க்கத் தவறுகிறார்கள்.

இந்த முறை அவருக்கு எங்கிருந்து வந்தது? பிரமஞான சபையாரிடமிருந்து என்று சொல்வதுண்டு. அன்னி பெசன்ற் கிறிஸ்தவத்தின் மறைபொருள் பற்றி நூல் எழுதியது 1901இல். இராமநாதனின் மத்தேயு அதற்கு மூன்று ஆண்டு முந்தியது. தவிரவும், இமயத்து மறைவான மகாத்மாக்களுக்கு அவருடைய உரையில் வேலையில்லை. பதி, பசு, பாசம் என்ற சைவ சித்தாந்த வரைபடமும், ஆணவம் என்ற மூலமலமும், அதைக் கழுவும் அருளும்தான் அவருடைய சிந்தனைக்கு அடித்தளம். அந்த வரைபடத்தை வைத்துக் கதையை வாசிக்கும் பழக்கம் தமிழ்ச் சைவருக்குப் புதிதே இல்லை. யாழ்ப்பாணத்துக் கோயில் மண்டபங்களில் கந்தபுராண படனம் எப்படி நடக்கும் என்று நினைத்துப் பாருங்கள். கச்சியப்பரின் ஏடு சட்டப்பலகையில் விரிந்திருக்கும். ஒருவர் செய்யுளை இராகத்தோடு இழுத்து வாசிப்பார். அருகில் இருப்பவர் அதே மூச்சில் பதம் பிரித்துப் பயன் சொல்வார். கேட்டுக்கொண்டிருப்பவர்களில் எழுத்தறியாத கிழவிக்கும் தெரியும், சூரபன்மன் என்பது ஆணவம், சிங்கமுகன் கன்மம், தாரகன் மாயை என்று. மாமரமாய் நின்ற சூரன் பிளந்து சேவலும் மயிலுமாவதைக் கேட்கும்போது, ஆணவம் அழிவதில்லை, அடங்கித் தொண்டாகிறது என்ற சித்தாந்த நுட்பம் கதையோடு கதையாக உள்ளே இறங்கும். பண்டிதமணி கணபதிப்பிள்ளை யாழ்ப்பாணத்தின் வாழ்முறையையே கந்தபுராண கலாசாரம் என்றது சும்மா இல்லை. திருமூலர் உடம்பைக் கோயிலாகக் கண்டதும், தில்லைச் சிற்றம்பலத்தை நெஞ்சுவெளியாகக் கொள்வதும் இதே பயிற்சியின் பகுதிகள். இராமநாதன் கொழும்பில் வளர்ந்தவர், ஊர்க்கோயில் படனத்தில் நாள்தோறும் உட்கார்ந்தவரில்லை என்று ஒருவர் குறுக்கிடலாம். சரிதான். ஆனால் தஞ்சைக் குரு வழியாக அவருக்கு வந்த மரபும் இதே வேரில் கிளைத்தது. தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கும் இந்த வேர் அந்நியமில்லை. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் ‘பெத்லகேம் குறவஞ்சி’யில் தேவமோகினியைத் திருச்சபையாகவும் குறத்தியை விசுவாசமாகவும் படைத்தபோது, குற்றாலத்துக் குறவஞ்சியின் உருவத்தை அப்படியே உள்முகமாகத் திருப்பினார்.

இந்த வாசிப்பு செல்வம் என்ற சொல் வரும் இடத்தில் என்ன செய்கிறது என்று பார்ப்பது நல்லது. மத்தேயு 6ஆம் அதிகாரத்தில், பூச்சியும் துருவும் அரிக்கும், கள்வர் கன்னமிடும் பூமியில் பொக்கிஷம் சேர்க்காமல் பரலோகத்தில் சேர்க்கச் சொல்கிறார் யேசு. எழுத்தின்படி வாசிப்பவருக்குப் பரலோகம் என்பது செத்தபின் போகும் ஊர். அங்கே ஒரு கணக்கு இருக்கிறது, இங்கே கொடுக்கும் தசமபாகம் அங்கே வரவாகும் என்பார். செழிப்பு உபதேசக்காரர் இன்னும் ஒரு படி போய், அந்த வரவு வட்டியோடு இங்கேயே திரும்பும் என்பார். சித்தாந்தப் பயிற்சியோடு வாசித்தால் பூமி என்பது புலன்வழி நிற்கும் உடல்வாழ்வு. பரலோகம் என்பது அருளில் நிற்கும் ஆன்மநிலை. பூச்சியும் துருவும் மாயையிலிருந்து பிறக்கும் மாயேயத்தின் இயல்பு, தோன்றியது தேயும். அப்படியானால் பொக்கிஷம் என்பது எது? ஒருவன் சேர்த்துவைத்துத் தனது என்று சொல்லக்கூடிய எதுவும் அதுவாக முடியாது. தனது என்னும் உணர்வு கரையும்போது மிஞ்சுவதுதான் அது. யோவான் 10ஆம் அதிகாரத்தில் நல்ல மேய்ப்பன் தன் ஆடுகளுக்குப் பரிபூரண வாழ்வைத் தர வந்ததாகச் சொல்லும் இடத்திலும் இந்தக் கேள்வியே எழும். பூரணம் என்பது மேன்மேலும் வந்து சேர்வதால் ஆவதா, குறைவு என்ற எண்ணம் ஒழிவதால் ஆவதா? சைவ மரபு இரண்டாவதைச் சொல்லும். இந்த இடத்தில் இராமநாதனின் வழி, குறியீட்டைக் கையாளும் மற்ற எல்லா வழிகளிலிருந்தும் விலகிப்போகிறது.

அறிவுள்ள மறுப்பு ஒன்று இங்கே வரும். பூமி என்றால் உடல், பரலோகம் என்றால் அருள்நிலை என்று சொல்ல உங்களுக்கு யார் உரிமை தந்தார்? நாளைக்கு ஒருவர் ஐந்து அப்பம் என்பது ஐம்புலன், இரண்டு மீன் என்பது இருவினை என்பார். மறுநாள் வேறொருவர் அவை ஐந்து முதலீடும் இரண்டு வாடகை வீடும் என்பார். எதையும் எதாகவும் மாற்றலாம் என்றால் மறைநூல் எதற்கு? இந்த மறுப்பு பழமையானது. அலெக்சாந்திரியாவின் ஒரிஜன் மூன்றாம் நூற்றாண்டிலேயே மறைநூலுக்கு உடல், உயிர், ஆவி என்று மூன்று நிலைப் பொருள் உண்டு என்றபோது அவரையும் இதே கேள்வி துரத்தியது. என் பதில் இது. படன மரபில் பயன் சொல்பவர் நினைத்ததைச் சொல்ல முடியாது. முதலாவது, அவர் முன்னால் சித்தாந்தம் என்ற நிலையான வரைபடம் இருக்கிறது. சூரனை இன்றைக்கு ஆணவமாகவும் நாளைக்குப் பக்கத்துக் காணிக்காரனாகவும் காட்டினால் சபையே சிரிக்கும். இரண்டாவது, இதுதான் முக்கியமானது, அந்த வரைபடத்தின்படி எல்லாக் குறியீடும் கடைசியில் கேட்பவனின் ஆணவத்தையே குறிவைக்கிறது. ஒரு விளக்கம் கேட்டவனை மேலும் பெருக்கவைத்தால், நான் சிறந்தவன், எனக்குக் கிடைக்க வேண்டும் என்ற எண்ணத்துக்குத் தீனி போட்டால், அது தவறான விளக்கம் என்று மரபே சொல்லிவிடும். வாடகை வீடுகளின் விளக்கம் விழுவது இந்த அளவுகோலில்தான். இதை இராமநாதன் இந்த வடிவத்தில் இலக்கணமாக்கினார் என்று நான் சொல்லவில்லை. அவர் நின்ற மரபிலிருந்து நான் பிரித்தெடுப்பது இது. ஆனால் புலனின்பமே வாழ்வு என்று எண்ணியதுதான் மேற்கின் பிழை என்று அவர் விடாமல் எழுதியதற்கு அடியில் இந்த அளவுகோல் வேலை செய்வதைக் காணலாம்.

கிறிஸ்தவர்களின் மறுப்பு இதைவிடக் கனமானது. எங்கள் ஆண்டவர் சரித்திரத்தில் பிறந்து, பிலாத்துவின் காலத்தில் சிலுவையில் மரித்தவர். அவரை ஒரு மனநிலையாகக் கரைத்துவிட்டால் எங்களிடம் என்ன இருக்கிறது? மத்தேயுவையும் யோவானையும் ஒரு சைவர் தம் தத்துவத்துக்குச் சாட்சியாக்கிக்கொண்டது அபகரிப்பில்லையா? இதற்கு நல்ல பதில் சொன்னவர் ஒரு தமிழ்க் கிறிஸ்தவரே. பாளையங்கோட்டையில் 1891இல் பிறந்து பின்னாளில் கோயம்புத்தூர் ஆயரான ஏ. ஜே. அப்பாசாமி, 1927இல் கிறிஸ்தவத்தைப் பக்தி மார்க்கமாகக் காட்டும் நூலை வெளியிட்டார். அவர் எடுத்துக்கொண்டதும் யோவானின் எழுத்துக்களைத்தான். யேசு பிதாவோடு ஒன்றென்று சொன்னது அத்துவித ஐக்கியம் இல்லை, அன்பிலும் சித்தத்திலும் ஒன்றுபடுதல் என்று வாதிட்டு, இராமாநுசரையும் ஆழ்வாரையும் நாயன்மாரையும் துணைக்கழைத்தார். யோவானைத் தமிழ் ஞான மரபோடு வைத்து வாசிப்பது தகும் என்பதில் அப்பாசாமிக்கும் இராமநாதனுக்கும் பேதமில்லை. எந்தத் தமிழ் மரபு என்பதில்தான் வழக்கு. இராமநாதன் யேசு என்ற மனிதரின் கண்ணீரையும் காயத்தையும் போதுமான அளவு பொருட்படுத்தவில்லை என்று அப்பாசாமியை வாசித்தபின் எனக்கும் தோன்றுகிறது. அபகரிப்பு என்ற குற்றச்சாட்டை மட்டும் நான் ஏற்கமாட்டேன். மிஷனரிமார் தங்கள் புத்தகம் எல்லா மனிதருக்கும் உரியது என்று சொல்லித்தான் வட்டுக்கோட்டையில் இறங்கினார்கள். எல்லாருக்கும் உரியதை எடுத்து வாசித்தவரைத் திருடன் என்பது வழக்காகாது.

இனி அமெரிக்கா. மைரன் பெல்ப்ஸ் என்ற நியூயோர்க் வழக்கறிஞரின் முயற்சியில் 1905–06இல் இராமநாதன் அங்கே போய்ச் சொற்பொழிவாற்றினார். லீலாவதி அந்தப் பயணத்தைப் பற்றித் தனி நூலே எழுதினார். அவர் பேசிய இடங்களில் ஒன்று மெயின் மாநிலத்தில் எலியட் என்ற ஊரின் கிரீன் ஏக்கர். சாரா பார்மர் என்ற பெண்மணி 1894இல் தொடங்கிய கோடைக்காலக் கூடுகை அது. அதே முதல் ஆண்டில் விவேகானந்தர் அங்கே பைன் மரத்தடியில் வகுப்பு நடத்தியிருந்தார். அங்கே வந்துபோனவர்களில் பலர் ‘புதிய சிந்தனை’ இயக்கத்தார். மனமே மூலம், எண்ணத்தைத் திருத்தினால் நோயும் வறுமையும் நீங்கும் என்பது அவர்கள் கொள்கை. வேதாகமக் கதைகளை மனத்தின் நாடகமாக வாசிப்பது அவர்கள் வழக்கம். அந்த வட்டத்தைச் சேர்ந்த ரால்ப் வால்டோ ட்ரைன் 1897இல் வெளியிட்ட நூல் இலட்சக்கணக்கில் விற்றது. எல்லையற்றதோடு சுருதி சேர்ந்தால் அமைதியும் ஆற்றலும் நிறைசெல்வமும் பொங்கும் என்று அட்டையிலேயே வாக்களித்த நூல் அது. கன்சாஸ் நகரில் 1889இல் யூனிற்றி இயக்கத்தைத் தொடங்கிய பில்மோர் தம்பதியர், ஆபிரகாம் முதல் சகேயு வரை வேதாகமப் பெயர் ஒவ்வொன்றுக்கும் மனத்தத்துவப் பொருள் சொல்லும் அகராதியை 1931இல் கொண்டுவந்தார்கள். சில ஆண்டுகளில் செழிப்பு பற்றியே சார்ள்ஸ் பில்மோர் ஒரு நூல் எழுதினார். அந்த நீரோட்டம் பெந்தகொஸ்தே விசுவாசத்தோடு கலந்துதான் பிற்காலச் செழிப்பு உபதேசம் உருவானது என்று, கனடாவில் வளர்ந்த வரலாற்றாசிரியர் கேற் போலர் தம் 2013ஆம் ஆண்டு நூலில் விரிவாகக் காட்டியிருக்கிறார். ஆக, அஜின்கோர்ட் அடுக்குமாடியில் இன்று கேட்கும் இரு குரல்களுக்கும், போதகருடையதற்கும் ஈர்ப்பு விதிக்காரருடையதற்கும், பாட்டனார் ஒருவரே. அந்தப் பாட்டனாரின் முற்றத்தில் இராமநாதன் நின்று பேசியிருக்கிறார். உள்முக வாசிப்பில் அவர்களோடு ஒத்துப்போகக்கூடியவர். ஆனாலும் உள்ளிருந்து வெளியே செல்வத்தை வரவழைக்கும் கருவியாக அவர் அதைக் காட்டவில்லை. அவர் சொன்ன பயணத்தின் திசை வெளியிலிருந்து உள்ளே. ஒரே கூடாரத்தில் பேசப்பட்ட இரண்டு நிறைவுகளில் அமெரிக்கா ஒன்றை எடுத்துக்கொண்டது, மற்றது நூலகத்து அலுமாரிக்குப் போனது.

கடைசி மறுப்பு இராமநாதனின் சொந்த வாழ்விலிருந்து எழுவது. அகச்செல்வம் பற்றிப் பேச அவருக்கு வசதி இருந்தது. மூன்று வேளை நிறைந்த வீட்டில் இருந்துகொண்டு நிறைவு உள்ளே இருக்கிறது என்பது சுலபம். இரவுப் பாளியில் தொழிற்சாலையில் நின்று வாடகை கட்டுகிறவளுக்கு அது ஆறுதலா, ஏமாற்றா? இதைச் சாதாரணமாகத் தள்ளிவிட முடியாது, ஏனெனில் இன்னும் கசப்பான சான்று ஒன்று உண்டு. 1927இல் அரசியலமைப்பை ஆராய டொனமூர் ஆணைக்குழு இலங்கைக்கு வந்து எல்லாருக்கும் வாக்குரிமை என்ற யோசனை எழுந்தபோது அதை உறுதியாக எதிர்த்தவர் சேர் பொன். இராமநாதன். பெண்களுக்கும் ஒடுக்கப்பட்ட சாதியினருக்கும் வாக்குக் கொடுப்பது ஆகாது என்பது அவர் கட்சி. 1915 சிங்கள–முஸ்லிம் கலவரத்தின்போது சிறைப்பட்ட சிங்களத் தலைவர்களுக்காகக் கடல் கடந்துபோய் வாதாடியவர், பெண் பிள்ளைகளுக்கு 1913இல் மருதனார்மடத்தில் கல்லூரி கட்டியவர், இந்த இடத்தில் இப்படி நின்றார். குருநாகலில் அவருடைய குரு கற்பித்தது வேறுபாடு காணாமை. அதில் சமத்துவத்தின் வித்தைக் காண ஓர் ஆங்கிலேயர் போதுமாக இருந்தார், சீடர் காணவில்லை. இதை வைத்து உள்முக வாசிப்பே மேட்டுக்குடியின் மயக்கமருந்து என்று முடிவுகட்டுவது எளிது. ஆனால் அதே ஞானியின் வார்த்தையை மொழிபெயர்த்து நண்பருக்குச் சொன்ன தம்பி அருணாசலம், 1915இல் சமூக சேவைக் கழகத்தையும் 1919இல் தொழிலாளர் நலச் சங்கத்தையும் தோற்றுவித்தார். ஒரே ஊற்று ஒருவரைச் சபைக்குள் உரிமை மறுப்பவராகவும் மற்றவரைக் கூலிக்காரருக்காகப் பேசுபவராகவும் விட்டது. ஆகவே குற்றம் ஊற்றில் இல்லை. மேலே சொன்ன அளவுகோலை இராமநாதன் மேற்கின் பேராசைமேல் வைத்தார், தம் சாதியின் பெருமைமேல் வைக்கவில்லை. சாதிப்பெருமையும் ஆணவத்தின் கூறுதான் என்று சித்தாந்தம் படித்த எவருக்கும் தெரியும். சூரனை அவர் அத்திலாந்திக்குக்கு அப்பால் தேடினார், நல்லூரில் தேடவில்லை. இரவுப் பாளிக்காரியின் கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. நிறைவு உள்ளே என்ற பேச்சைச் சம்பளம் கேட்டு நிற்பவரிடம் சொன்னால் அது ஏமாற்று. சம்பளம் கொடுக்க வேண்டியவரிடம் சொன்னால் அது உபதேசம். மலைப்பிரசங்கத்தைச் சொன்னவர் பணக்காரரிடம் பேசிய கடுமையை நினைத்தால் அவருக்கும் இதில் சந்தேகம் இருந்ததாகத் தெரியவில்லை.

என் தீர்ப்பு இவ்வளவுதான். வேதாகம உரைகாரராக இராமநாதன் நம் மரபின் முதல்தர வாசகர்களில் ஒருவர், அவருடைய இரண்டு சுவிசேஷ உரைகளும் தமிழ்க் கிறிஸ்தவரும் சைவரும் சேர்ந்து இருந்து படிக்க வேண்டியவை. அரசியல்வாதியாக அவர் தம் உரைக்குத் தாமே கீழ்ப்படியவில்லை. 1930 நவம்பர் 26இல் அவர் காலமானார். அடுத்த ஆண்டு இலங்கையில் ஆணும் பெண்ணும், எல்லாச் சாதியினரும் வாக்களித்தார்கள்.

அடுத்த இதழில், யேட்ஸின் தோழியாகவும் லண்டன் நாடக மேடையின் நடிகையாகவும் இருந்து, 1912இல் இராமநாதனின் அழைப்பை ஏற்றுக் கடலேறி, மருதனார்மடத்துப் பெண்கள் கல்லூரியின் தலைமையை ஏற்று, 1917இல் கொழும்பில் மறைந்த புளோரன்ஸ் பாரின் கதை.

(தொடரும்)